நாலாவது மெசேஜ்: கொல்லிப்பாவை முதல் ஏஐ ரிசப்ஷனிஸ்ட் வரை

ஒரு சின்ன கற்பனையோட ஆரம்பிக்கலாம்.

சனிக்கிழமை, ராத்திரி பதினொன்றரை மணி. கொல்லிமலையில், செம்மேடு பக்கத்துல ஒரு சின்ன தங்கும் விடுதி. விடுதியோட வாட்ஸ்அப் நம்பருக்கு மெசேஜ் வருது. முதல்ல "அண்ணா". அரை நிமிஷம் கழிச்சு "ரூம் இருக்கா". அப்புறம் "4 பேர்". கடைசியா, "இப்ப காரவள்ளியில இருக்கோம், மேல ஏறலாமா?"

முதல் மூணு மெசேஜுக்கு ஒரு மெஷின் தாராளமா பதில் சொல்லிடும். காலி ரூம் கணக்கு அதுகிட்ட இருக்கு, வாடகை தெரியும், வணக்கம் சொல்லத் தெரியும். நாலாவதுக்கு? காரவள்ளி மலையடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். மேல மழையா, பனிமூட்டமா, ரோட்டுல மரம் ஏதாவது சாய்ஞ்சு கிடக்கா, வண்டி ஓட்டுறவருக்கு மலைப்பாதை பழக்கமா? இதையெல்லாம் யோசிச்சுட்டுத்தான் மேல இருக்கிற மனுஷன் "பார்த்து வாங்க"ன்னோ, "கீழயே தங்கிட்டு விடிஞ்சதும் வாங்க"ன்னோ சொல்வார்.

இந்த எபிசோட் அந்த நாலாவது மெசேஜோட வரலாறு.

ஏஐ ரிசப்ஷனிஸ்ட்னா என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். கடை, கிளினிக், விடுதி, எதுக்கு வேணாலும் வர்ற போனையும் மெசேஜையும் முதல்ல ஒரு மென்பொருள் எடுத்துக்கும். தனக்குத் தெரிஞ்சதுக்குப் பதில் சொல்லும். அந்த உரையாடல் முழுக்க ஓனரோ ஊழியரோ பார்க்கிற ஒரு இன்பாக்ஸ்ல ஓடிட்டே இருக்கும். வேணும்னா மனுஷன் உள்ளே வந்து தானே டைப் பண்ணலாம். அதாவது ஒரே சாட்டுக்குள்ள, ஒரே பேர்ல, ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. "மெஷின் நல்லாப் பேசுமா?"ன்னுதான் எல்லாரும் கேட்கிறாங்க. எனக்கு வேற கேள்வி: மெஷின் எப்போ, எப்படி மனுஷன்கிட்ட கைமாத்தும்? இந்தத் துறையோட வரலாற்றைப் படிச்சா, ஜெயிச்சதும் தோத்ததும் பெரும்பாலும் அந்த ஒரு இடத்துலதான்.

மலையோட முதல் ரிசப்ஷனிஸ்ட்

கொல்லிமலைக்கு இந்தக் கதை புதுசில்ல. சங்க இலக்கியத்தில், நற்றிணையிலும் குறுந்தொகையிலும், "கொல்லிப்பாவை" வருது. கொல்லிமலையில் தெய்வமோ பூதமோ செய்து நிறுத்திய ஒரு பெண் உருவம். காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எது வந்தாலும் அழகு குலையாமல் நிற்கும் பாவை. சங்கப் புலவர்கள் அதைக் காதலிக்கு உவமையாகத்தான் சொன்னார்கள். பிற்கால மரபில் கதை வேற மாதிரி வளர்ந்தது. அந்தப் பாவை தானே அசையும், வந்தவரைப் பார்த்துச் சிரிக்கும், சிரிப்பில் மயங்கிக் கிட்ட போனவரைக் கொன்னுடும். இன்னிக்கும் மலையில் இருக்கிற எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவைன்னு கும்பிடுறவங்க இருக்காங்க.

ஒரு இன்ஜினியரா இந்தக் கதையைப் படிச்சா எனக்குத் தோணுறது இதுதான்: வாசலில் ஒரு தானியங்கி, வர்ற எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. வந்தது யார், எதுக்கு வந்தார்னு அது கேட்காது. உள்ளே போய் யாரையும் கூப்பிடாது. ஆபத்து அதோட சிரிப்புல இல்ல, அதுக்குப் பின்னாடி யாருமே இல்லாததுல இருக்கு.

இதை மனசுல வச்சுக்கிட்டு, 1878-க்குப் போவோம்.

ஆபரேட்டர் வந்த கதை, ஆபரேட்டரைத் தூக்கின கதை

தொலைபேசி வந்த புதுசுல ஒருத்தர் இன்னொருத்தரை நேரா கூப்பிட முடியாது. நடுவில் எக்ஸ்சேஞ்ச். அங்கே ஒரு ஆள் வயரை எடுத்துச் சொருகி ரெண்டு பேரையும் இணைப்பார். அமெரிக்காவில் இந்த வேலைக்கு முதலில் சின்னப் பையன்களை வைத்தார்கள். ஏற்கனவே தந்தி அலுவலகங்களில் வேலை பார்த்த பசங்க. வயர் சொருகத் தெரியும், ஆனா வாய் சும்மா இருக்காது. வாடிக்கையாளரிடம் கிண்டல், திட்டு, சில நேரம் வேணும்னே தப்பான இணைப்பு. 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர் அவர்தான் என்று வரலாறு சொல்கிறது. அதுக்கப்புறம் அந்த நாற்காலி பெரும்பாலும் பெண்களுக்கானதாக ஆனது.

இந்தியாவுக்கும் ரொம்பத் தாமதம் ஆகலை. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று நகரங்களிலும் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது.

அந்த ஆபரேட்டர் வெறும் வயர் சொருகுற ஆள் இல்ல. "டாக்டர் வீட்ல இல்லை, கிளப்புக்குப் போயிருக்கார், அங்க போடட்டுமா?"ன்னு கேட்கிற ஆள். நாலாவது மெசேஜுக்குப் பதில் தெரிஞ்ச ஆள். அதே காரணத்துக்காக அவங்க மேல சந்தேகமும் வந்தது. எல்லாம் தெரிஞ்ச ஆள் எதை வேணும்னாலும் திருப்பி விடலாமே?

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்து தரும் தொழில் நடத்தினார். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை உள்ளூர் ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பி விடுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, விளைவு நிஜம். ஆபரேட்டரே தேவைப்படாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது ஓட ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14-ல் சிம்லாவில், 700 இணைப்புகளுக்கான வசதியோடு வந்தது.

நம்மளோட ரெண்டு ஆசைகளும் இங்கேயே தெரிஞ்சிடுது. நம்மளைத் தெரிஞ்ச ஒரு ஆள் போனை எடுக்கணும். அதே சமயம், நம்மளைத் தெரிஞ்ச ஆள் நடுவுல இருக்கவே கூடாது. இன்னிக்கு ஏஐ ரிசப்ஷனிஸ்ட் பத்தி நடக்கிற சண்டை முழுக்க இந்த ரெண்டு ஆசைக்கும் நடுவுலதான்.

பி.பி. நம்பர்

தானியங்கி வந்ததும் மனுஷன் போயிட்டானா? இல்லை, இடம் மாறினான். வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் பண்ணி, ஆபரேட்டர் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கணும். 1960 நவம்பரில் லக்னோ–கான்பூர் இடையேதான் நாட்டின் முதல் எஸ்.டி.டி. வசதி வந்தது. அது ஊர் ஊராகப் பரவ இன்னும் பல வருஷம் பிடித்தது.

நம்ம ஊருக்குன்னே ஒரு ஏற்பாடு இருந்தது. அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. பழைய விசிட்டிங் கார்டுலயும் கல்யாணப் பத்திரிகையிலும் போன் நம்பர் பக்கத்துல "பி.பி."ன்னு போட்டிருக்கும். அது நம்ம வீட்டு நம்பர் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பர், இல்லைன்னா எதிர்த்த மளிகைக் கடை நம்பர். போன் அடிச்சா அவங்க எடுத்து, "ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க, ஆளை வரச் சொல்றேன்"னு சொல்லிட்டு ஒரு பையனை ஓட விடுவாங்க.

அந்த மளிகைக் கடை அண்ணாச்சியை ஒரு சிஸ்டமா பாருங்க. நல்ல ரிசப்ஷனிஸ்டுக்கு வேண்டியதெல்லாம் அவர்கிட்ட இருக்கு. நான் அந்த ஆள் இல்லைன்னு முதல்லயே சொல்லிடுறார். எத்தனை நேரம் ஆகும்னு சொல்றார். தனக்குத் தெரியாததுக்குத் தானா பதில் சொல்றதில்லை. சாவுச் செய்தியா, வேலை கிடைச்ச செய்தியான்னு குரலை வச்சே புரிஞ்சுக்கிட்டு, பையனை நடக்க விடுறதா ஓட விடுறதான்னு முடிவு பண்றார். இதுக்கு இப்போ மென்பொருள் உலகத்துல "எஸ்கலேஷன்"னு பேரு.

பேச்சு எழுத்தாச்சு

1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இன்ஜினியர் உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸை அனுப்பினார். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அங்கிருந்து வாடிக்கையாளர் பேச்சு மெல்ல மெல்ல எழுத்துக்கு மாறியது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தப்போ, மலைமேல விடுதி நடத்துறவரும் மிளகு விக்கிறவரும் ஒரு போனையே ஆபீஸா மாத்திக்க முடிஞ்சது. அதே ஆகஸ்ட்டில், மென்பொருள் வழியா பதில் அனுப்ப பெரிய நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

எழுத்துக்கு மாறினதுல ஒரு விஷயம் தொலைஞ்சது: குரல். "மேல ஏறலாமா?"ன்னு போன்ல கேட்டா அதுல இருக்கிற பயம் கேட்கும். எழுத்துல அது வெறும் ரெண்டு வார்த்தை. அதுவும் ஆங்கில எழுத்துல அடிச்ச தமிழ். அதுக்குப் பதில் சொல்ல இப்போ மெஷின் வருது.

எலைசாவும் "எம்"மும்

எழுத்தில் பேசும் மெஷினுக்குச் சுமார் அறுபது வயது. எம்ஐடி-யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா நிரல் 1966-ல் வெளியானது. நாம் டைப் பண்ணுவதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதை அவர் மாசக்கணக்கா உருவாக்கினதைப் பக்கத்துல இருந்து பார்த்த அவரோட செகரட்டரியே, கொஞ்ச நேரம் அதோட பேசிட்டு, "நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?"ங்கிற மாதிரி கேட்டாராம். தனியாப் பேசணுமாம். வைசன்பாம் அதிர்ந்துபோய், பிற்காலத்தில் இந்தத் துறையின் கடுமையான விமர்சகர்களில் ஒருவராகவே மாறினார். மெஷினுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சும் நாம அதை நம்பிடுவோம்ங்கிறது அப்பவே தெரிஞ்சு போச்சு.

இதுக்கு நேர் எதிரான சோதனை 2015-ல் நடந்தது. ஃபேஸ்புக் தன் மெசஞ்சரில் "எம்" என்ற உதவியாளரை அறிமுகப்படுத்தியது. ரெஸ்டாரன்ட் புக்கிங், பூங்கொத்து ஆர்டர், எது கேட்டாலும் செய்யும். ரகசியம் என்னன்னா, மெஷினால் முடியாததை எல்லாம் பின்னாடி உட்கார்ந்திருந்த மனிதர்கள் செய்தார்கள். அவங்க செய்றதைப் பார்த்து மெஷின் கத்துக்கும்ங்கிறதுதான் திட்டம். ஆனா எது கேட்டாலும் நடக்கும்னு தெரிஞ்சதும் மக்கள் கேட்டதெல்லாம் நாலாவது மெசேஜ் மாதிரியே கஷ்டமான வேலைகள். சில ஆயிரம் பேரைத் தாண்டி அதை விரிக்க முடியாமல், 2018 ஜனவரியில் மூடினார்கள். ஆமா, வாட்ஸ்அப் பிசினஸ் பிறந்த அதே மாசம், அதே நிறுவனம்.

1551

இப்ப நம்ம நாட்டு உதாரணம் ஒண்ணு. 2004 ஜனவரி 21 அன்று மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. முதலில் 1551, பிறகு 1800-180-1551. தமிழ் உட்பட 22 மொழிகள்.

அதோட கட்டமைப்பைப் பாருங்க. முதல் அடுக்கில் விவசாயம் படித்த பட்டதாரிகள் போனை எடுப்பார்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் இரண்டாவது அடுக்கில் இருக்கும் பாட நிபுணருக்குப் போகும். அங்கேயும் முடியாவிட்டால் மூன்றாவது அடுக்கு. கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் சாமையும் விளையுது. அங்க ஒரு விவசாயி "மிளகுக் கொடி வாடுது"ன்னு கூப்பிட்டா, எடுத்தவருக்குப் பதில் தெரியாமல் போகலாம்ங்கிறதை அந்த அமைப்பே முன்கூட்டி ஒத்துக்குது. தெரியாததுக்குன்னு ஒரு பாதையை முதல் நாளே போட்டு வச்சாங்க.

2023 செப்டம்பரில் கிசான் இ-மித்ரா என்ற ஏஐ சாட்பாட் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம்-கிசான் திட்டம் பற்றிய கேள்விகளுக்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதில் சொல்லத்தான் அது பிறந்தது. "என் தவணை எப்போ வரும்?" மாதிரியான கேள்விகள். இது புத்திசாலித்தனமான எல்லைக்கோடு. பதிவேட்டில் இருப்பதை மெஷின் சொல்லட்டும். கொடி ஏன் வாடுதுன்னு பார்க்க ஆள் வேணும்.

812 டாலர்

கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும்? 2022 நவம்பரில், பாட்டி இறந்துபோன ஒருவர் ஊருக்குப் போக ஏர் கனடாவின் இணையதள சாட்பாட்டிடம் துக்கக் காரியச் சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். முதலில் முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுங்கள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்றது பாட். நிறுவனத்தின் உண்மையான விதி அப்படி இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள்.

வழக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தனி அமைப்பு, அது சொன்னதுக்கு அதுதான் பொறுப்பு என்கிற தொனியில் நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் எது இருந்தாலும் நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் சொல்லி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

தொகை சின்னதுதான். ஆனா சட்டம் சொன்னது பெருசு: வாசலில் நிற்கிறது சிலையா இருந்தாலும், அது கொடுத்த வாக்கு வீட்டுக்காரரோட வாக்கு.

மலைக்குத் திரும்புவோம்

இவ்வளவு வரலாறும் ஒரு சின்ன விடுதிக்கு என்ன சொல்லுது? நான் ஒரு இன்ஜினியரா எடுத்துக்கிறது அஞ்சு விஷயம்.

ஒண்ணு, நம்ம ஊர்ல யாரும் முழு வாக்கியமா மெசேஜ் பண்றதில்லை. "அண்ணா", "ரூம்", "4 பேர்"னு துண்டு துண்டாத்தான் வரும். மெஷின் ஒவ்வொரு துண்டுக்கும் பாய்ஞ்சு பதில் சொல்லாம, சில நொடி பொறுத்து மொத்தமாப் படிக்கணும்.

ரெண்டு, மனுஷன் டைப் பண்ண ஆரம்பிச்சதும் மெஷின் வாயை மூடணும். ஓனர் "வராதீங்க"ன்னும், பாட் "உங்களை வரவேற்கிறோம்"னும் ஒரே நேரத்துல அனுப்பினா, அடிவாரத்துல நிக்கிறவர் எதை நம்புவார்? பழைய எக்ஸ்சேஞ்சில் ஒரு இணைப்புக்கு ஒரு ஆபரேட்டர்தான். அந்த ஒழுங்கு இங்கேயும் வேணும். ஓனர் பேசி முடிச்சப்புறம் பாட் எப்போ திரும்ப வரணும்ங்கிறதையும் அவரே முடிவு பண்ணணும்.

மூணு, கைமாத்தும்போது கதையும் சேர்ந்து போகணும். வாடிக்கையாளரை முதல்ல இருந்து சொல்ல வைக்கக் கூடாது. "4 பேர், காரவள்ளியில, இப்ப ஏறலாமான்னு கேட்கிறாங்க"ங்கிற ஒரு வரி ஓனரோட போனை அடிச்சு எழுப்பணும்.

நாலு, மெஷின் தன்னை மெஷின்னு சொல்லணும், ஆள்கிட்ட போக வழியும் காட்டணும். வாட்ஸ்அப்போட பிசினஸ் கொள்கையே இதைக் கேட்குது: தானியங்கிப் பதில் வச்சா, மனுஷனை அடையத் தெளிவான நேரடி வழி இருக்கணும்.

அஞ்சு, இன்னிக்கு மாறக்கூடிய எதையும் மெஷின் உறுதியாச் சொல்லக் கூடாது. ஆகாய கங்கை அருவியில குளிக்க முடியுமாங்கிறது அதுல ஒண்ணு. வெள்ளம் வந்தா வனத்துறை தடை போட்டுடும். ஆயிரத்துக்கு மேல படி இறங்கிப் போற அருவி அது. வயசான அம்மாவைக் கூட்டிட்டு வர்றவருக்குப் போன வாரத் தகவலைச் சொல்றது உதவி ஆகாது.

கடைசியா ஒரு விஷயம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1920-க்கும் 1940-க்கும் நடுவில் தன் நெட்வொர்க்கில் பாதிக்கு மேல் தானியங்கி ஆக்கியது. ஆபரேட்டர் பெண்களுக்கு அப்போ என்ன ஆச்சு என்று ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளை வைத்துத் தேடினார்கள். அடுத்த தலைமுறை இளம்பெண்களுக்கு டைப்பிஸ்ட், செகரட்டரி, ரெஸ்டாரன்ட் என்று வேறு வேலைகள் கிடைத்தன. ஆனால் ஏற்கனவே அந்த நாற்காலியில் இருந்தவர்களில் பலர், பத்து வருஷம் கழித்துக் குறைந்த சம்பள வேலையில் இருந்தார்கள், அல்லது வேலையிலேயே இல்லை.

அதனால, உங்க கடையிலோ கிளினிக்கிலோ இப்ப போன் எடுக்கிற அக்கா இருந்தா, மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க. எந்தக் கேள்வி வந்தா அவங்க யோசிக்காம பதில் சொல்றாங்க, எது வந்தா எழுந்துபோய் யார்கிட்டயாவது கேட்கிறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. முதல் பட்டியலை மெஷினுக்குக் கொடுங்க. ரெண்டாவது பட்டியலை அவங்களுக்கே கொடுங்க. கூடவே முடிவெடுக்கிற அதிகாரத்தையும், அதுக்கேத்த சம்பளத்தையும்.

இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்டுப் பழைய பத்திரிகைகள்ல பி.பி. நம்பர் இருந்தா, அது யாரோட நம்பர்னு விசாரிச்சு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.